கோலாலம்பூர் பால்கனித் தொட்டியில் டியூலிப், டாஃபடில்: எது பூக்கும், எது அழுகும்?

செராஸ் பால்கனி | அக்டோபர் 4

அனைவருக்கும் வணக்கம். 11-வது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை நேர்வெயில், பிறகு நிழல். கையில் டியூலிப் 20, டாஃபடில் 6, ஹயசிந்த் 6 கிழங்குகள் இருக்கின்றன. எல்லாமே குளிரூட்டப்படாதவை என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறது. தொட்டியில் எவ்வளவு ஆழம் வைக்க வேண்டும்? நர்சரியில் விற்கும் 3:2:1 கலவை போதுமா? எத்தனை நாள் பிரிட்ஜில் இருக்க வேண்டும்? பூத்த கிழங்கை எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டும் வருமா?

கிள்ளான் மல்லி | அக்டோபர் 4

தம்பி, இப்போதைக்கு ஒண்ணையும் மண்ணுல வைக்காதீங்க. டியூலிப் கிழங்கை நெடுக்கா வெட்டிப் பார்த்தா நடுவுல குட்டி மொட்டு ஏற்கெனவே தயாரா இருக்கும். அந்த மொட்டைத் தூக்கிக்கிட்டு வர்ற தண்டு நீளணும்னா கிழங்கு பல வாரம் தொடர்ந்து 9 டிகிரிக்குக் கீழே கிடந்திருக்கணும். நம்ம ஊர்ல ராத்திரிகூட 24 டிகிரி. குளிர் கிடைக்காத கிழங்கு ரெண்டு மூணு இலை விடும், மொட்டு உள்ளேயே காஞ்சு போயிடும். உரம் போட்டாலும் தண்ணி ஊத்தினாலும் அதை மாத்த முடியாது.

பிரிட்ஜ் 4லேர்ந்து 7 டிகிரிக்குள்ள இருக்கணும். டியூலிப்புக்கு 14 முதல் 16 வாரம், டாஃபடிலுக்கு 12 முதல் 15 வாரம், ஹயசிந்துக்கு 10 முதல் 12 வாரம். நாள் குறைச்சா பூ குட்டைத் தண்டுல, இலைக்குள்ளயே மாட்டிக்கிட்டு விரியும். கதவுத் தட்டுல வைக்காதீங்க, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடு ஏறும். உறைபெட்டியில வச்சா கிழங்கு செத்துப் போகும். மலிவான தெர்மாமீட்டர் ஒண்ணை உள்ளே போட்டு ஒரு நாள் பார்த்துட்டு அப்புறம் கிழங்கை வைங்க.

அதைவிட முக்கியம் பழம். ஆப்பிள், பேரிக்காய், வாழை, மாம்பழம், பப்பாளி, வெண்ணெய்ப்பழம் எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் வாயு விடும். கிழங்குக்குள்ள இருக்கிற மொட்டை அது கொன்னுடும். வெளியே பார்த்தா கிழங்கு நல்லா கெட்டியாத்தான் இருக்கும், மூணு மாசம் கழிச்சுத்தான் பூ இல்லைன்னு தெரியும். பழம் இருக்கிற பிரிட்ஜ்ல கிழங்கு வேண்டாம். வேற வழியே இல்லைன்னா அந்த மூணு நாலு மாசம் பழத்தை வெளியே வச்சுச் சாப்பிடுங்க.

காகிதப் பை, இல்லைன்னா வெங்காயம் வர்ற வலைப்பை. முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பையில பெரிய எழுத்துல "சாப்பிடக் கூடாது" என்று தமிழ்லயும் மலாய்லயும் எழுதி ஒட்டுங்க. டாஃபடில் கிழங்கு பார்க்க அப்படியே வெங்காயம். அதுல லைக்கோரின் என்ற நஞ்சு இருக்கு. சமையல்ல போயிட்டா வாந்தி வயித்துப்போக்குல ஆஸ்பத்திரிதான். வீட்டுல சமைக்க உதவிக்கு வர்றவங்ககிட்டயும் நேர்ல காட்டிச் சொல்லிடுங்க.

தண்ணீர்மலை | அக்டோபர் 5

மல்லி சொன்ன வாரக்கணக்கு சரி. ஆனால் மொத்தக் குளிர்காலத்தையும் கிழங்கு உலர்ந்த நிலையிலேயே கழித்துவிட்டு நேராக 30 டிகிரி மண்ணுக்கு வந்தால், பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும் பாதிக்கு மேல் கெட்டுவிடும். காரணம் வேர். டியூலிப்பின் வேர் குளிர்ந்த மண்ணில்தான் நன்றாக ஓடும். வெதுவெதுப்பான ஈரமண்ணில் வேர் தயங்கும்போது ஃபுசாரியம் பூஞ்சை கிழங்கின் அடித்தட்டு (வேர் கிளம்பும் அடிப்பகுதி) வழியாக உள்ளே புகுந்துவிடும். மேலே துளிர் தெரியும், பிடித்து இழுத்தால் கையோடு வரும், கிழங்கில் புளித்த வாடை அடிக்கும்.

ஆகவே குளிரை இரண்டாகப் பிரியுங்கள். முதல் 8 வாரம் காகிதப் பையில் உலர்வாக. பிறகு தொட்டியில் நட்டு, தொட்டியோடு இன்னும் 6 வாரம் பிரிட்ஜில். இன்று தொடங்கினால் நவம்பர் கடைசியில் நடவு, ஜனவரி 10 வாக்கில் வெளியே எடுக்கலாம், மாதக் கடைசியில் பூ. இடையில் ஒரு வாரம் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கும் வேலை கூடாது. சூடு பட்டால் அதுவரை சேர்ந்த குளிரின் பலனும் குறைந்துபோகும்.

நடும் முறை: வாயகலம் 15 செ.மீ., உயரம் 12 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் தொட்டி. அதில் டியூலிப் 5, அல்லது டாஃபடில் 3, அல்லது ஹயசிந்த் 3. ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலகல இடைவெளி. டியூலிப் கிழங்குக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கம் தொட்டியின் சுவரைப் பார்க்கட்டும். முதல் பெரிய இலை அந்தப் பக்கம்தான் வரும், வெளிப்புறம் சாய்ந்து நடுவில் பூவுக்கு இடம் விடும். தரையில் நடும்போது கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழம் என்பார்கள். பிரிட்ஜுக்குப் போகும் தொட்டிக்கு அது பொருந்தாது. கிழங்கின் மூக்கு (துளிர் வரும் கூர்முனை) மண்மட்டத்தில் தெரிந்தால் போதும், கீழே வேருக்கு இடம் வேண்டும். பழுப்புத் தோலை அடித்தட்டுப் பக்கம் மட்டும் மெதுவாக உரித்துப் பாருங்கள். அங்கே பழுப்புத் திட்டோ மென்மையோ இருந்தால் அந்தக் கிழங்கை நடாதீர்கள், பக்கத்துக் கிழங்குகளையும் அது கெடுக்கும்.

ஹயசிந்தைத் தொடும்போது கையுறை போடுங்கள். தோலில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, கழுத்தும் கையும் அரிக்கும்.

உமிக்கரி | அக்டோபர் 5

மண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 3:2:1 என்றால் மேல்மண் மூன்று, மட்கு உரம் இரண்டு, மணல் ஒன்று. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் நல்ல கலவை, கிழங்குக்கு ஆகாது. களிமண் கலந்த மேல்மண் இரண்டு மழையில் இறுகிவிடும், கிழங்கைச் சுற்றிக் காற்றே இருக்காது.

டியூலிப், டாஃபடில், ஹயசிந்த் தொட்டிக்கு, அளவுப் படி: கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 3, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைத் துகள்) 2, கழுவிய கரட்டு ஆற்று மணல் 1. உரம் எதுவும் வேண்டாம். இந்த ஒரு பூவுக்கு வேண்டிய சாப்பாடு கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. குளிர்ந்த ஈர மண்ணில் மட்கு உரம் போட்டால் பூஞ்சணத்துக்குத்தான் சாப்பாடு. கோகோபீட்டைக் கட்டாயம் கழுவ வேண்டும். தேங்காய் நாரில் உப்பு தங்கியிருக்கும். வாளியில் ஊற வைத்து, பிழிந்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள். நடும்போது ஈரம் எவ்வளவு என்றால், கையில் எடுத்து இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டு விழக் கூடாது. பிரிட்ஜுக்குள் போன பிறகு வாரம் ஒருமுறை தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் மட்டும் கால் கோப்பைத் தண்ணீர்.

தொட்டியின் அடியில் கூழாங்கல், ஓட்டுச் சில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மெல்லிய துளையுள்ள மண்ணிலிருந்து பெரிய இடுக்குள்ள கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்து தேங்கிய பிறகுதான் சொட்டும். கல் போட்டால் அந்தத் தேங்கும் அடுக்கு கிழங்குக்கு இன்னும் பக்கத்தில் உயர்ந்து வந்துவிடும். மண் வெளியே போகாமல் இருக்கத் துளைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும்.

செராஸ் பால்கனி | அக்டோபர் 6

மிக்க நன்றி மல்லி அக்கா, ஐயா, உமிக்கரி. கணக்குப் போட்டால் டியூலிப் நான்கு தொட்டி, டாஃபடில் இரண்டு, ஹயசிந்த் இரண்டு, ஆக எட்டுத் தொட்டி. வீட்டுப் பிரிட்ஜில் அவ்வளவு இடமில்லை. ஹயசிந்தை மண்ணில்லாமல் கண்ணாடிக் குடுவையில் வைக்கலாமா? இன்னொன்று: கேமரன் மலையில் இருப்பவர்கள் பிரிட்ஜ் இல்லாமலே டியூலிப் வைக்கலாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். பினாங்குக் கொடிமலை உச்சியிலும் முடியுமா? வெயில் நேரத்தில் தொட்டிமேல் ஐஸ் கட்டி போடச் சொல்கிறார்களே, அது உதவுமா?

கிள்ளான் மல்லி | அக்டோபர் 6

ஹயசிந்துக்குக் கண்ணாடிக் குடுவைதான் நம்ம ஊருக்கு நல்லது. கழுத்து இறுகி வாய் விரிஞ்ச குடுவை வேணும். கிழங்கு வாயில உக்காரணும், தண்ணி கிழங்கின் அடித்தட்டைத் தொடக் கூடாது, அரை செ.மீ. கீழே நிக்கணும். வேர் தானா இறங்கித் தண்ணியைத் தேடிக்கும். தொட்டா அடித்தட்டு அழுகும். முதல் 6 வாரம் பையில, அடுத்த 5, 6 வாரம் குடுவையோட பிரிட்ஜ்ல, மேலே காகிதத் தொப்பி போட்டு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க, அதுவும் பிரிட்ஜ்ல குளிர வச்ச தண்ணியா இருக்கட்டும். வேர் எட்டு பத்து செ.மீ., துளிர் நாலு அஞ்சு செ.மீ. வந்ததும் வெளியே எடுக்கலாம். பூங்கொத்து இலைக்கு நடுவுல குள்ளமா உக்காந்துட்டா அந்தத் தொப்பியை இன்னும் மூணு நாலு நாள் போட்டே வைங்க, வெளிச்சம் தேடித் தண்டு நீளும்.

ஐஸ் கட்டி வீண் வேலை. மேல்மண்ணு கொஞ்ச நேரம் குளிரும், அவ்வளவுதான். மொட்டு நிக்கிறது 32 டிகிரி காத்துல. உருகின தண்ணி தொட்டியில நின்னு அழுகலைத்தான் கூட்டும்.

தண்ணீர்மலை | அக்டோபர் 6

கேமரன் மலை பற்றி: தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. இரவில் 15, 16 டிகிரி. நமக்கு அது குளிர். டியூலிப்புக்கு 9 டிகிரிக்குக் கீழே வேண்டும். அதனால் கேமரனிலும் முதலில் பிரிட்ஜ்தான். ஆனால் பிரிட்ஜிலிருந்து எடுத்த பிறகு அந்த ஊரின் பகல் டியூலிப்புக்கு ஏற்ற வசந்தம். அங்கே பூ ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும், செராஸ் பால்கனியில் மூன்று நாள். கொடிமலை கேமரனைவிடத் தாழ்வு, வெப்பமும் கூடுதல். குளிரூட்டிய கிழங்குக்குக் கீழே ஜோர்ஜ்டவுனைவிட நன்று என்ற அளவில்தான் அது உதவும்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. பிரிட்ஜ் குளிர்காலத்தைத் தரும், வசந்தத்தைத் தராது. வெளியே வந்த பிறகு பூவுக்கு 15 முதல் 20 டிகிரி தேவை. ஏர்கோன் ஓடும் அறையின் சன்னலோரம்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய வசந்தம். பால்கனிக்கு டியூலிப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

பிறை சம்பங்கி | அக்டோபர் 8

எல்லாரும் நல்ல விவரம் சொல்லியிருக்கீங்க. டியூலிப் ஆசையைத் தப்புன்னு சொல்லல. ஆனா அந்தப் பால்கனிக்கு வேற கிழங்கு வேணும் தம்பி. மூணு மணி நேரத்துக்கு மேல நல்ல வெயில், மேலே கூரை. இந்த ரெண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் கிழங்குச் செடிக்குக் கொடுத்து வச்ச இடம்.

குளிர் தேசத்துக் கிழங்கு பனியில தூங்கும். நம்ம தேசத்துக்கு ஒத்துவர்ற பல கிழங்குகளுக்கு மண்ணு காய்ஞ்சு கிடக்கிறதுதான் தூக்கம். தண்ணியை நிறுத்தினா உறங்கும், ஊத்தினா எழும். பிரிட்ஜ் வேண்டாம், கூரை போதும்.

சம்பங்கியிலேர்ந்து ஆரம்பிங்க. நான் சொல்றது மாலைக்குப் போற நிலச்சம்பங்கி. கிழங்கு குறைஞ்சது 2.5 செ.மீ. குறுக்களவு இருக்கணும். அதுக்குச் சின்னது இலை மட்டும் விட்டு ஒரு வருஷம் வளரும், பூக்காது. 25 செ.மீ. தொட்டியில 4 கிழங்கு, மூக்குக்கு மேல 4, 5 செ.மீ. மண்ணு. நட்டதும் ஒரு தடவை நல்லா தண்ணி, அப்புறம் பச்சை முனை தெரியுற வரைக்கும் மண்ணு லேசா ஈரமா இருந்தா போதும். எல்லாரும் கெடுக்குறது இந்த இடத்துலதான். இலையே இல்லாத கிழங்கு தண்ணியைக் குடிக்காது, தினமும் ஊத்தினா அழுகும். இலை நாலு விரல் உயரம் வந்த பிறகு தண்ணியைக் கூட்டுங்க.

நட்டு மூணுலேர்ந்து நாலு மாசத்துல பூத்தண்டு வரும். தைப்பூசத்துக்கு வேணும்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்துல நடணும், அதாவது இப்பவே. ஒத்தை அடுக்குக்கு வாசனை அதிகம், மாலைக்கும் அதுதான். இரட்டை அடுக்கு சாடியில நல்லா நிக்கும். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல உண்டாக்கின பிரஜ்வல் ரகம் கிடைச்சா விடாதீங்க, தண்டு உறுதியா இருக்கும், மொட்டுல லேசா ரோஸ் நிறம் ஓடும்.

பூத்து முடிஞ்ச தாய்க்கிழங்கு மறுபடி பூக்காது. சுத்தி வர்ற குட்டிங்கதான் அடுத்த பூ. அதனால தண்டை வெட்டின பிறகும் இலையை வெட்டாதீங்க, குட்டி பெருக்குறது அந்த இலைதான். உங்க காலை வெயில் மூணரை மணி நேரம் சம்பங்கிக்குக் கொஞ்சம் குறைவு. பால்கனிக் கம்பிக்குப் பக்கத்துல, வெயில் முதல்ல வந்து கடைசியில போற இடத்தை அதுக்குக் கொடுங்க.

உமிக்கரி | அக்டோபர் 8

பிறை அக்கா சொல்லும் நிரந்தரக் கிழங்குகளுக்கு வேறு கலவை: சுட்ட மண் 2, உமிக்கரி 2, மட்கிய இலை உரம் 1, கரட்டு மணல் 1. பால்கனியில் மழை நேரே விழாததால் கோகோபீட் ஒரு பங்கு கூட்டலாம். இலை வந்ததும் நீல நிற 12-12-17-2 (தழை, மணி, சாம்பல் சத்துகள், மக்னீசியம்) உரத்தை 25 செ.மீ. தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி வீதம் மாதம் ஒருமுறை, தொட்டி விளிம்பை ஒட்டி. 15-15-15 பச்சை உரத்தில் அந்தச் சாம்பல்சத்து விகிதம் இல்லை. தொடர்ந்து போட்டால் இலை செழிக்கும், பூ குறையும். கறுப்புத் தொட்டியில் வெயில் நேரே பட்டால் சுவரையொட்டிய வேர் வெந்துவிடும். வெளிர் நிறத் தொட்டி, அல்லது மண்தொட்டி.

தண்ணீர்மலை | அக்டோபர் 9

சகோதரி சொன்ன, மண் காய்ந்து கிழங்கு உறங்கும் முறைதான் இந்தப் பேச்சின் மையமாக இருக்க வேண்டும். அதில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வேறுபாடு உண்டு. பினாங்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறையும். திறந்த வெளியில் கிடக்கும் அமரில்லிஸ் தொட்டிகூடத் தானே உறங்கி, முதல் மழைக்குப் பிறகு மார்ச், ஏப்ரலில் பூக்கும். கோலாலம்பூரில் அப்படிச் சுத்தமான வறட்சி கிடையாது. வாரத்துக்கு ஒரு மாலை மழையாவது விழும், கிழங்கு உறங்காது, ஆண்டு முழுக்க இலையாகவே நிற்கும். பலர் "எங்கள் வீட்டு அமரில்லிஸ் பூப்பதே இல்லை" என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

அமரில்லிஸ் வைக்கும் முறை: கிழங்கின் சுற்றளவு 26 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஒன்று அல்லது இரண்டு தண்டு கிடைக்கும். 34-க்கு மேல் என்றால் இரண்டு, மூன்று. தொட்டி பெரிதாக வேண்டாம். கிழங்குக்கும் சுவருக்கும் நடுவே 2.5 செ.மீ. போதும். பெரிய தொட்டியில் வேரில்லாத ஈரமண் அதிகம், அது அழுகலுக்கு வழி. கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரிய வேண்டும், தோள் வரை மூடினாலும் கெடுதல்.

அது ஏன் இலையை நம்பி வாழ்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமரில்லிஸ் கிழங்கு நான்கு இலைக்கு ஒரு பூத்தண்டு என்ற வரிசையில் உள்ளே மொட்டைக் கட்டுகிறது. இந்த ஆண்டு வெளியே வரும் மொட்டு பல மாதங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கியது. ஆகவே எட்டு, பத்து மாதம் நல்ல வெயில், உரம், தண்ணீர் கொடுத்து இலையை வளர்க்க வேண்டும். இலை குறைந்தால் மொட்டும் குறையும். பிறகு தண்ணீரை முழுவதும் நிறுத்தி, தொட்டியைக் கூரைக்குள் நகர்த்தி 8 முதல் 10 வாரம் விட்டுவிடுங்கள். இலை தானே பழுத்து விழட்டும், பச்சையாக வெட்ட வேண்டாம். மூக்கில் துளிர் தெரிந்ததும், அல்லது பத்து வாரம் முடிந்ததும், ஒரு கோப்பைத் தண்ணீர். இதைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். ஐரோப்பாவில் உறக்கத்துக்கு 13 டிகிரி கொடுக்கிறார்கள். நம் பிரிட்ஜின் 4 டிகிரி அதற்கு அதிகம்.

இலையிலும் தண்டிலும் செந்நிறக் கீறல் கண்டால் அது ஸ்டாகனோஸ்போரா பூஞ்சை. மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் கழுத்தில் தேங்குவதால் பரவும். அந்த இலையை வெட்டிக் குப்பையில் போட்டு, செப்புப் பூஞ்சைக்கொல்லி தெளித்து, இனி விளிம்போரம் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

கிள்ளான் மல்லி | அக்டோபர் 9

மழை லில்லியை விட்டுட்டீங்களே ஐயா. ரோஸ், வெள்ளை, மஞ்சள் மூணும் சுங்கை பூலோ நர்சரி வரிசையில கிடைக்கும். 20 செ.மீ. தொட்டியில 15, 20 கிழங்கு நெருக்கமா, 3 செ.மீ. ஆழம். நெருக்கம்தான் அதுக்குப் பிடிக்கும். மூணு நாலு வாரம் தண்ணி காட்டாம விட்டு, அப்புறம் தொட்டியை ஒரு மணி நேரம் தண்ணி வாளியில முக்கி எடுங்க. அஞ்சாறு நாள்ல பூக் கூட்டம் வரும். வருஷத்துல பல தடவை இதைச் செய்யலாம், ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல இலைக்கு ஒரு மாசமாவது சாப்பாடு கொடுத்துட்டு.

சியாம் டியூலிப்னு விக்கிறது டியூலிப் சொந்தமே இல்லை, நம்ம மஞ்சள் குடும்பம். மஞ்சள் நடுற மாதிரியே 5 செ.மீ. ஆழத்துல நடலாம். கிழங்குக்குக் கீழே தொங்குற உருண்டை உருண்டையான சேமிப்பு வேர் மூணாவது இருக்கான்னு பார்த்து வாங்குங்க. உடைஞ்சு போனது மெதுவா வரும், பூ சின்னதா இருக்கும். தண்ணி அதிகம் கேட்கும். இலை பழுத்து உறங்கினா தொட்டியிலயே உலர விடுங்க.

செராஸ் பால்கனி | அக்டோபர் 10

சம்பங்கியும் மழை லில்லியும் இந்த வாரமே வைக்கிறேன், பிறை அக்கா. இன்னும் மூன்று சந்தேகம். பால்கனியில் தண்ணீர் கீழ்வீட்டில் சொட்டக் கூடாது என்பதால் தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டும். ஏடிஸ் கொசுவுக்கு என்ன செய்வது? சீனப் பெருநாளுக்கு விற்கும் வெள்ளை நார்சிசஸுக்குக் குளிர் தேவையா? இணையத்தில் நீல டியூலிப் விதை, வெளிநாட்டிலிருந்து நேரே அனுப்பும் கிழங்கு எல்லாம் மலிவாக வருகிறதே?

உமிக்கரி | அக்டோபர் 10

தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது, கொசுவுக்காகவும் கிழங்குக்காகவும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசுப்புழு கண்டுபிடித்தால் அபராதமும் உண்டு. தட்டுக்குள் மூன்று ஓட்டுச் சில் வைத்து அதன்மேல் தொட்டியை நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றி அரை மணி கழித்துத் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். வாரம் ஒருமுறை தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது, வெறும் தண்ணீரைக் கொட்டினால் போகாது.

தண்ணீர்மலை | அக்டோபர் 11

வெள்ளை நார்சிசஸுக்குக் குளிர் வேண்டாம். டாஃபடிலின் உறவுதான், ஆனாலும் அந்த இனத்தின் மொட்டு கோடை வெப்பத்தில் உருவாவது. சீனாவின் ஹொக்கியான் (ஃபூஜியான்) மாநிலத்துச் சாங்சோ பகுதியிலிருந்து காலங்காலமாக வருகிறது. பினாங்குச் சீனர் வீடுகளில் பெருநாள் மேசையில் பார்த்திருப்பீர்கள். ஆழமில்லாத கிண்ணத்தில் கூழாங்கல் பரப்பி, கிழங்கை அதில் நிறுத்தி, அடித்தட்டைத் தொடும் அளவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இங்கே கெடுவது இலை நீண்டு சாய்வதில்தான், வெப்பமும் குறைந்த வெளிச்சமுமே காரணம். பகலில் நல்ல வெளிச்சம், இரவில் ஏர்கோன் அறை என்று மாற்றி வைத்தால் தண்டு உறுதிப்படும்.

இன்னொரு வழி, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து 2006-இல் வெளியிட்டது. துளிர் மூன்று, நான்கு செ.மீ. ஆனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு 4 முதல் 6 விழுக்காடு ஆல்கஹால் கலந்த நீர் ஊற்றினால், தண்டு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குட்டையாகும், பூவின் அளவு குறையாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹால் ஒரு பங்குக்குத் தண்ணீர் 11 பங்கு. அதற்குமேல் கூட்டினால் வேர் கருகும். பியர், திராட்சை மது கூடாது, அதிலுள்ள சர்க்கரை தண்ணீரை அழுகச் செய்யும்.

கிள்ளான் மல்லி | அக்டோபர் 11

நீல டியூலிப்னு ஒண்ணு உலகத்துலயே இல்லை. ஊதாதான் உண்டு, படத்துல நிறம் மாத்தியிருப்பாங்க. விதையிலேர்ந்து டியூலிப் பூக்க அஞ்சாறு வருஷமாகும், அதுவும் குளிர் நாட்டுல. வெளிநாட்டுக் கிழங்குக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் வேணும். ரெண்டும் இல்லாத பொட்டலத்தை எல்லையில அதிகாரிங்க பிடிச்சு வச்சுக்குவாங்க. அது நியாயமும்கூட. மண்ணோட வர்ற ஒரு புழு நம்ம ஊர் இஞ்சி, வாழைத் தோட்டத்துல புகுந்தா யார் திருப்பித் தர்றது? அனுமதியோட இறக்கி விக்கிற உள்ளூர் கடையில வாங்குங்க. "குளிரூட்டப்பட்டது" என்று விக்கிறாங்கன்னா எத்தனை வாரம், கடையில எந்த டிகிரியில வச்சிருந்தாங்கன்னு கேளுங்க. ஏர்கோன் இல்லாத அலமாரியில ஒரு மாசம் கிடந்ததுன்னா அந்தக் குளிருக்குக் காசு கொடுக்காதீங்க.

செராஸ் பால்கனி | ஜனவரி 9

டியூலிப் நான்கு தொட்டியும் பிரிட்ஜில், நட்டு ஆறு வாரம் ஆகிறது. துளிர் மூன்று தொட்டியில் 4 செ.மீ., ஒன்றில் 1 செ.மீ. தான். ஒரு கிழங்கின் தோளில் நீலப்பச்சைப் பூஞ்சணம் தெரிகிறது. எல்லாவற்றையும் சேர்த்து வெளியே எடுக்கலாமா?

தண்ணீர்மலை | ஜனவரி 9

நீலப்பச்சை என்றால் பெனிசிலியம். தோலோடு நிற்கும் வரை பெரிய ஆபத்தில்லை. விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு விடுங்கள். மெத்தென்று உள்ளே போனால் கரண்டியால் அந்த ஒரு கிழங்கை மட்டும் மண்ணோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.

பின்தங்கிய தொட்டி இன்னும் இரண்டு வாரம் உள்ளேயே இருக்கட்டும். மற்ற மூன்றுக்கும் முன் ஒரு சோதனை: தொட்டியின் அடித்துளையைப் பாருங்கள். வெள்ளை வேர் எட்டிப் பார்க்க வேண்டும். துளிர் வந்து வேர் வராத தொட்டியை எடுத்தால் மொட்டு பாதியில் காய்ந்துவிடும்.

எடுத்த முதல் மூன்று நாள் ஏர்கோன் அறையில், சன்னலிலிருந்து தள்ளி, மங்கிய வெளிச்சத்தில். வெளுத்த துளிர் பச்சையானதும் சன்னலோரம். 20 டிகிரிக்கு மேல் போகாமல் பாருங்கள். பகலில் ஏர்கோன் ஓடாத வீடென்றால் அந்த நேரத்தில் தொட்டியைத் திரும்பப் பிரிட்ஜில் வைத்து, இரவில் வெளியே எடுத்து விளக்கடியில் வைக்கலாம். கொஞ்சம் வேலைதான், ஆனால் தண்டு நீளும். ஏர்கோன் காற்று நேரே படக் கூடாது, மொட்டின் நுனி காகிதம் போல் உலரும். மொட்டில் நிறம் தெரிந்த பிறகு 18 டிகிரியில் வைத்தால் ஆறு, ஏழு நாள் நிற்கும்.

பிறை சம்பங்கி | ஜனவரி 10

பூத்து முடிஞ்ச டியூலிப் கிழங்கை எடுத்து வைக்காதீங்க தம்பி. அடுத்த மொட்டுக்கு வேண்டிய சத்தை அது குளிர்ந்த வசந்தத்துல பல வாரம் இலையால சேர்க்கணும். நம்ம வீட்டுல அதுக்கு வழியில்லை. கிழங்கை நறுக்கி மட்கு உரக் குழியில போடுங்க, தொட்டி மண்ணை வெயில்ல ரெண்டு நாள் காய வச்சு வேற செடிக்குப் பயன்படுத்துங்க, அந்த மண்ணுல மறுபடி டியூலிப் மட்டும் வேண்டாம்.

சம்பங்கி எப்படி இருக்கு? தண்டு கிளம்பியிருக்கணுமே.

செராஸ் பால்கனி | ஜனவரி 10

இரண்டு தொட்டியில் தண்டு முழங்கால் உயரம் வந்திருக்கிறது அக்கா. ஒன்றில் இலை மட்டும். அந்தத் தொட்டியின் இலையடியில் வெள்ளைப் பஞ்சு போல் ஏதோ ஒட்டியிருக்கிறது.

பிறை சம்பங்கி | ஜனவரி 10

மாவுப்பூச்சி. எறும்பு ஏறுதான்னு முதல்ல பாருங்க, எறும்புதான் அதைத் தூக்கிக்கிட்டு வரும். பஞ்சுல 70 விழுக்காடு ஆல்கஹால் தொட்டு ஒவ்வொண்ணா துடைச்சு எடுங்க. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு கலந்து சாயங்காலமா இலையடியில தெளிங்க, அஞ்சு நாளைக்கு ஒரு தடவை, மூணு தடவை. வெயில்ல தெளிச்சா இலை கருகும். தொட்டிக் காலைத் தண்ணித் தட்டுல நிறுத்தி எறும்பைத் தடுக்கச் சொல்லுவாங்க, அது வேண்டாம், ஏடிஸுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். தொட்டி விளிம்பைச் சுத்தி அகலமான செலோடேப் ஒட்டி அதுமேல வேசலின் தடவினா எறும்பு தாண்டாது.

தண்டு வந்த ரெண்டு தொட்டியிலேர்ந்து அதைத் தள்ளி வைங்க. அடி மொட்டு ரெண்டு விரிஞ்சதும் காலையில வெட்டினா மீதி மொட்டு சாடியிலயே ஒண்ணொண்ணா விரியும். மாலைக்குன்னா விரியுறதுக்கு முந்தின நாள் மொட்டா, விடியக்காலைல பறிக்கணும்.